ஆளில்லா ரயில் நிலையத்தில் ஏறி இறங்க: யோகோஹாமாவின் சுருமி லைனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரயில் நின்று கதவு திறக்கிறது. எதிரே கடல். நடைமேடையின் ஓரத்தில் ஒரு கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் நேராகத் தண்ணீர். மோட்டார் சத்தம் அடங்கியதும் அலை சுவரில் மோதுவது காதில் விழுகிறது. டிக்கெட் கேட்க ஆளில்லை, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, கடை கண்ணி எதுவும் இல்லை. வெளியே போக ஒரே வழிதான். அதுவும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் போய் முடிகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் உள்ளே போகலாம்.

யோகோஹாமா நகரத்தின் சுருமி வட்டாரத்தில் இருக்கும் உமி-ஷிபாவுரா நிலையம் இது. இணைப்பு ரயில் வசமாக அமைந்தால் டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். ஆளில்லாத நிலையத்தை ஜப்பானியர்கள் 'முஜின்-எக்கி' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மலையடிவாரத்தில், நெல் வயலுக்கு நடுவே, நாளைக்கு நாலு ரயில் வரும் ஊர்தான் நினைவுக்கு வரும். ஆனால் 37 லட்சம் பேர் வாழும் நகரத்தில் தொடங்கும், தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய்வரும் ஒரு பாதையில், முதல் நிலையமான சுருமியைத் தவிர மற்ற எல்லாமே ஆளில்லா நிலையங்கள்.

வழக்கமான பெரிய நிலையத்தில் தவறு செய்தால் தானியங்கிக் கதவு மூடிக்கொள்ளும், பக்கத்து ஜன்னலில் இருப்பவர் சரி செய்து தருவார். இங்கே எதுவும் நம்மைத் தடுக்காது. பயணக் கார்டை இயந்திரத்தில் வைக்க மறந்து நடந்து போனாலும் போய்விடலாம். அந்தத் தவறு பிறகு எங்கோ ஒரு கதவில், பின்னால் இருபது பேர் நிற்கும்போது வெளிப்படும். அதனால் நிலையத்தின் வேலையில் ஒரு பங்கை நாமே செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு போனால் குழப்பம் வராது. முதல்முறை போகிறவர்களுக்காக, வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுருமி லைன் மிகச் சின்னது. சுருமியிலிருந்து ஓகிமாச்சி வரை பிரதான பாதை 7 கிலோமீட்டர். நடுவே அசானோ நிலையத்தில் பிரிந்து உமி-ஷிபாவுராவுக்கு 1.7 கிலோமீட்டர் கிளை ஒன்று, முசாஷி-ஷிராய்ஷி நிலையத்தில் பிரிந்து ஓகாவாவுக்கு 1 கிலோமீட்டர் கிளை ஒன்று. மொத்தம் 9.7 கிலோமீட்டர். இப்போது நடத்துவது ஜே.ஆர். கிழக்கு என்ற ரயில் நிறுவனம்.

இந்த ரயில் ஓடும் தரையில் பெரும்பகுதி நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கடல். சிமெண்ட் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த அசானோ சோய்ச்சிரோ என்பவர், கடலைத் தூர்த்து, கப்பல் நேராக வந்து நிற்கும் தொழிற்சாலை நிலமாக்கத் திட்டம் போட்டார். வங்கியாளர் யாசுதா சென்ஜிரோவும், இன்றைய 10,000 யென் நோட்டில் படமாக இருக்கும் ஷிபுசாவா எய்ச்சியும் துணை நின்றார்கள். 1913-இல் வேலை தொடங்கியது. தொழிற்சாலைகள் வந்ததும் சரக்கு ஏற்ற ரயில் வேண்டியிருந்தது. 1926-இல் 'சுருமி துறைமுக ரயில்வே' என்ற தனியார் கம்பெனி சரக்கு ரயில் விட்டது. 1930 அக்டோபரில் மின்சார ரயிலில் பயணிகளும் ஏறினார்கள். போர்க்காலத்தில், 1943-இல், அரசு இதை எடுத்துக்கொண்டது.

நிலையங்களின் பெயர்களைப் படித்தாலே இந்தக் கதை விளங்கிவிடும். அசானோ நிலையம் அவர் பெயரில்தான். யாசுதா சென்ஜிரோவின் பெயரிலிருந்து இரண்டு எழுத்தை எடுத்துச் சேர்த்தது 'அன்சென்'. காகிதத் தொழிலில் பெயர் பெற்ற ஓகாவா ஹெய்சாபுரோவுக்கு ஓகாவா நிலையம். எஃகு ஆலை நிறுவிய ஷிராய்ஷி மோதோஜிரோவுக்கு முசாஷி-ஷிராய்ஷி. அசானோ குடும்பத்தின் சின்னம் விசிறி. ஜப்பானிய மொழியில் விசிறிக்கு 'ஓகி'. கடைசி நிலையம் ஓகிமாச்சி. முதலாளிகளின் பெயர்களை நிலையங்களுக்கு வைத்துவிட்டார்கள். நான் இந்தப் பாதையில் போகும்போதெல்லாம், மண் கொட்டிய கூலிக்காரர்களில் ஒருவர் பெயராவது எங்காவது இருக்கக் கூடாதா என்று தோன்றும்.

கிளம்பும் முன்

முதல் வேலை நேரம் பார்ப்பது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டோக்கியோவில் நாலு நிமிடத்துக்கு ஒரு ரயில் பழகிவிட்டவர்களுக்குக் கால அட்டவணை பார்க்கும் பழக்கமே போய்விடும். சுருமி லைன் முழுக்க முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கான பாதை. காலையிலும் மாலையிலும் ரயில் அடுத்தடுத்து வரும். ஷிப்டு தொடங்கியதும் அப்படியே குறைந்துவிடும். உமி-ஷிபாவுராவுக்கு நடுப்பகலிலும் விடுமுறை நாளிலும் நீண்ட இடைவெளி விழும் இடமெல்லாம் உண்டு. ஓகாவா கிளைக்கு இன்னும் மோசம்: வார நாள் நடுப்பகலில் ரயிலே கிடையாது, விடுமுறை நாளில் மொத்தமே விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அதனால் போகும் ரயிலைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பும் ரயிலைப் பாருங்கள். வரைபடச் செயலியில் தேதியையும் நேரத்தையும் சரியாகக் கொடுத்துத் தேடுங்கள். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் அட்டவணை வேறு. ஜப்பானின் அரசு விடுமுறை திங்கள்கிழமை வந்தால் அன்றைக்கு விடுமுறை அட்டவணைதான் ஓடும். கண்டுபிடித்ததும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஐ.சி. கார்டு, அதாவது பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயணக் கார்டு. சுய்க்கா, பாஸ்மோ, ஒசாக்கா பக்கத்து இக்கோகா, எது வைத்திருந்தாலும் இங்கே செல்லும். சுற்றுலா வருகிறவர்கள் 28 நாள் செல்லும் வெல்கம் சுய்க்கா வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. குடும்பமாகப் போனால் ஒரே கார்டை நாலு பேருக்கு வைக்க முடியாது. ஆறு வயது ஆகாத குழந்தைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை, டிக்கெட் வேண்டாம்.

கார்டில் பணம் போதுமான அளவு இருக்கட்டும். கட்டணம் சொற்பம்தான், ஆனால் கடலோரக் கடைசி நிலையத்தில் இருப்பு பற்றவில்லை என்றால் சங்கடம். செல்போனில் சுய்க்கா வைத்திருப்பவர்கள் நின்ற இடத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் பேட்டரியை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

மூன்றாவது, கழிப்பறையும் தண்ணீரும். இரண்டையும் சுருமி நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சுருமி நிலையத்தில் ஏறுவது

டோக்கியோவிலிருந்தோ யோகோஹாமாவிலிருந்தோ வருபவர்கள் கெய்ஹின்-தொஹோக்கு லைன் ரயிலில் வாருங்கள். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம், யோகோஹாமாவிலிருந்து பத்து நிமிடம். அதே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பறக்கும் தொகாய்தோ லைன் வண்டி சுருமியில் நிற்காது. அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் கண் எதிரே சுருமி கடந்து போகும். டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் தொசாய் சப்வேயில் ஓதெமாச்சி வரை வந்து, அங்கிருந்து டோக்கியோ ஸ்டேஷனுக்கு நடந்து இந்த ரயிலைப் பிடிக்கலாம்.

சுருமியில் இறங்கியதும் மாடிக்கு ஏறி, மேற்குப் பக்கம் உள்ள சுருமி லைன் நடைமேடைக்குப் போங்கள். 3, 4 எண்கள். மேலே வளைந்த பெரிய இரும்புக் கூரை இருக்கும். தனியார் கம்பெனி காலத்தில், 1934-இல் திறந்த கட்டடம். கூரையின் கீழ் நின்று பார்த்தால் ஒரு சின்ன பாதைக்கு இவ்வளவு பெரிய முகப்பா என்று இருக்கும். அன்றைக்கு அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இங்கே ஒரு விஷயம். இணைய உலகில் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள், சுருமிக்குள்ளேயே இன்னொரு கதவைத் தேடுவார்கள். முன்பு இருந்தது. மற்ற நிலையங்களில் டிக்கெட் பார்க்க ஆளில்லை என்பதால், சுருமி லைனிலிருந்து வருகிற எல்லோரையும் இந்த ஓரிடத்தில் சரிபார்த்தார்கள். 2022 பிப்ரவரி கடைசியோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கெய்ஹின்-தொஹோக்கு ரயிலிலிருந்து இறங்கி, கார்டை எங்கும் வைக்காமல் நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம். இறங்கும் நிலையத்தில் நாம் கார்டை வைக்கிறோமா இல்லையா என்பதைப் பார்க்க நடுவில் யாருமில்லை என்பதும் இதன் பொருள்.

ஏறும் முன் ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரே நடைமேடையிலிருந்து ஓகிமாச்சி, உமி-ஷிபாவுரா, ஓகாவா மூன்றுக்கும் வண்டி புறப்படுகிறது. சில வண்டிகள் நடுவழியில் ஹமா-கவாசாக்கியோடு நின்றுவிடும். மூன்று பெட்டிதான், 2023 டிசம்பரில் வந்த புது வண்டிகள், உள்ளே திரையில் அடுத்த நிலையம் ஆங்கிலத்திலும் வரும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை போகாமல் இருப்பது நல்லது. அது வேலைக்காரர்களின் நேரம்.

வழியில் கண்ணைத் திறந்து வையுங்கள்

சுருமியை விட்டுக் கிளம்பிய உடனே ஆளே இறங்காத ஒரு பழைய நடைமேடை ஜன்னலில் கடக்கும். ஹோன்சான் என்ற நிலையம் அது. பக்கத்தில் இருக்கும் சோஜிஜி என்ற பெரிய ஜென் பௌத்த மடத்துக்குப் போகிறவர்களுக்காகக் கட்டி, 1942-இல் மூடிவிட்டார்கள். அப்புறம் ரயில், தொகாய்தோ லைனின் பல தண்டவாளங்களை மேலே தாண்டி, வளைந்து, கொக்குதோ நிலையத்துக்குள் நுழையும். சுருமியிலிருந்து 0.9 கிலோமீட்டர், இரண்டு நிமிடம்.

முதல் முறை போகிறவர்கள் கொக்குதோவில் இறங்கிப் பழகுங்கள் என்பேன். தவறு செய்தாலும் சுருமிக்கு நடந்தே திரும்பிவிடலாம்.

கொக்குதோ: இறங்கும் பாடம்

'கொக்குதோ' என்றால் தேசிய நெடுஞ்சாலை. நிலையத்தை ஒட்டிப் போகும் சாலை அந்தக் காலத்தில் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை, இப்போது 15. நிலையம் பாலத்தின் மேல் இருக்கிறது. படிக்கட்டில் இறங்கினால் பாலத்தின் அடிவயிறு: வரிசையாக கான்கிரீட் வளைவுகள், மங்கலான விளக்கு, இருபுறமும் பெரும்பாலும் மூடிய கடைகள். 1930-இல் கட்டியது அப்படியே நிற்கிறது. பட்டப்பகலிலும் உள்ளே மாலை ஆறு மணி மாதிரி இருக்கும். கண் பழக ஒரு நிமிடம் ஆகும். மேலே ரயில் போகும்போது வளைவு முழுக்க அதிர்வது கால் வழியாகத் தெரியும்.

இனி கார்டு. படி முடியும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் கம்பம் மாதிரி இயந்திரங்கள் நிற்கும். பெரிய நிலையத்தில் இருப்பது போல வழியை மறிக்கும் கதவு எதுவும் இவற்றில் இல்லை. மேலே கார்டு வைக்கும் தட்டு, பக்கத்தில் ஒரு சின்ன திரை, அவ்வளவுதான். உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. பெரிய கதவில் போகிற திசையை வைத்து இயந்திரமே புரிந்துகொள்ளும். இங்கே எது எதற்கு என்று நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.

எழுத்து தெரியாவிட்டாலும் உருவத்தை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். நுழைவுக்கான இயந்திரத்தில் 'ந்யூஜோ' என்று எழுதியிருக்கும். அதன் முதல் எழுத்து, இரண்டு காலையும் அகட்டி நிற்கும் ஆள் போல, இரண்டே கோடு. வெளியேறுவதற்கான இயந்திரத்தில் 'ஷுட்சுஜோ'. அதன் முதல் எழுத்து, ஒரு மலைக்கு மேல் இன்னொரு மலையை வைத்தது போல இருக்கும். இரண்டு கால் என்றால் உள்ளே, இரண்டு மலை என்றால் வெளியே. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஜப்பானில் எந்த ஆளில்லா நிலையத்துக்கும் உதவும்.

கார்டைத் தட்டின் மேல் படும்படி முழுதாக ஒரு நொடி வையுங்கள். 'பிப்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் மிச்ச இருப்பு தெரியும். அந்த எண்ணைப் பார்த்த பிறகே நகருங்கள். நடந்துகொண்டே உரசிவிட்டுப் போகும் பழக்கம் இங்கே வேண்டாம். சத்தம் வந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும், பதிவாகவில்லையென்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

காகித டிக்கெட் வைத்திருந்தால், வெளியேறும் இடத்தில் டிக்கெட் போடும் பெட்டி ஒன்று இருக்கும், அதில் போட்டுவிடுங்கள். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருக்கும் சுற்றுலாக்காரர்களுக்கு இந்தப் பாதையும் அதில் அடக்கம். கம்பத்தில் எதையும் வைக்காமல் நடந்து போகலாம். பாஸைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனதும் நிலையத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து சுட்ட இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளின் தடம் கான்கிரீட்டில் அப்படியே இருக்கிறது. மூடிப் பூசவில்லை. விரல் நுழையும் பள்ளங்கள். நான் முதலில் பார்த்தபோது சுவர் பெயர்ந்திருக்கிறது என்றே நினைத்துக் கடந்துவிட்டேன். இரண்டாம் முறை பக்கத்தில் போய் நின்றபோதுதான் விளங்கியது. அன்றைக்கும் இந்தப் படியில் வேலைக்குப் போகிற ஆட்கள் ஏறிக்கொண்டிருந்திருப்பார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தால் நமமுகி மீன் கடைத் தெரு. கடைகள் காலையிலேயே முடிந்துவிடும், பகலில் போனால் ஈரத்தரையும் மீன் வாசனையும்தான் மிஞ்சும்.

திரும்ப ஏறுவது, மறந்தால் என்ன செய்வது

கொக்குதோவில் திரும்ப ஏறும்போது 'இரண்டு கால்' இயந்திரத்தில் கார்டை வைத்துவிட்டுப் படியேறுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழை நாள் மாலை, மேலே ரயில் வரும் சத்தம் கேட்டு, குடையை மடக்கியபடி ஓடி ஏறி உட்கார்ந்துவிட்டேன். கார்டை வைக்கவில்லை என்பது ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. இறங்கும் நிலையத்தில் கதவு மூடிக்கொண்டது. ஜன்னலில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். எங்கே ஏறினீர்கள் என்று கேட்டார். கொக்குதோ என்றேன். கார்டை வாங்கி, கணக்குப் போட்டு, பணத்தைக் கழித்துத் திருப்பித் தந்தார். மறு கேள்வி இல்லை. நான் வேறு ஊரில் ஏறியிருந்து பொய் சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இதே நிலை உங்களுக்கு வந்தால் ஆளிருக்கும் ஜன்னலுக்கு நேராகப் போய், "சுமிமாசென், முஜின்-எக்கி காரா நோரிமாஷ்தா" என்று சொல்லி நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். 'மன்னிக்கவும், ஆளில்லா நிலையத்திலிருந்து ஏறினேன்' என்று அர்த்தம். போதும், புரிந்துகொள்வார்கள்.

இறங்கும்போது வைக்க மறந்துவிட்டால் கார்டில் முந்தைய பயணம் முடியாமல் தொங்கும். அடுத்த முறை எந்த நிலையத்தில் வைத்தாலும் ஏற்காது. அப்போதும் ஆளிருக்கும் ஜன்னல்தான். எந்த நாள், எங்கிருந்து எங்கே என்று நினைவு வைத்துச் சொன்னால் சீக்கிரம் முடியும்.

கார்டு இல்லாமல் ஏற வேண்டி, டிக்கெட் இயந்திரமும் இல்லையென்றால், 'இந்த நிலையத்தில் ஏறினேன்' என்று அச்சிட்ட சான்றுச் சீட்டு தரும் பெட்டி சில நிலையங்களில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் காட்டிப் பணம் கட்டலாம். அதுவும் இல்லையென்றால் சும்மா ஏறி, இறங்கும் இடத்தில் சொல்லிக் கட்டுங்கள். வேண்டுமென்றே கட்டாமல் போய்ப் பிடிபட்டால் கட்டணத்தோடு அதன் இரண்டு மடங்கு வரை சேர்த்து வாங்க விதி இருக்கிறது.

உமி-ஷிபாவுரா: கடைசி வரை போவது

சுருமியிலிருந்து பதினொரு நிமிடம்தான். கொக்குதோவுக்கு அப்புறம் சுருமி ஆற்றைத் தாண்டி, ரயில் பணிமனை இருக்கும் பென்தென்-பாஷியைக் கடந்து, அசானோவில் வண்டி பிரதான பாதையை விட்டு வலப்பக்கம் வளையும். அசானோ நடைமேடை இரண்டு பாதைக்கும் நடுவே முக்கோணமாக இருக்கும். அங்கிருந்து நீங்கள் வலப்பக்க ஜன்னலில் தொழிற்சாலைச் சுவர்களையும், இடப்பக்கம் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே போகலாம். இடப்பக்கம் உட்காருங்கள்.

இந்த நிலையத்தை 1940-இல் திறந்தார்கள். 'உமி' என்றால் கடல். 'ஷிபாவுரா' என்பது தோஷிபா நிறுவனத்தின் முன்னோடிகளில் ஒன்றான ஷிபாவுரா தொழிற்சாலையின் பெயர். நிலையத்தின் நிலமே தோஷிபா குழுமத்தினுடையது என்பதால்தான் வாசல் அவர்கள் வாசலாக இருக்கிறது. அங்கே காவலர் இருப்பார். தாண்டிப் போக முயலாதீர்கள், தொழிற்சாலையைப் படமெடுக்காதீர்கள். கடலையும் நடைமேடையையும் ரயிலையும் எடுப்பதில் தடையில்லை.

முன்பெல்லாம் கடலைப் பார்க்க வந்தவர்கள் பாவம், வெளியே போக முடியாமல் அதே வண்டியில் திரும்பினார்கள். அவர்களுக்காக நிறுவனம் 1995-இல் நிலையத்தை ஒட்டித் தன் இடத்தில் ஒரு சின்னப் பூங்கா அமைத்துக் கொடுத்தது. 'உமிஷிபா பூங்கா'. காலை 9 முதல் இரவு 8:30 வரை திறந்திருக்கும். நீளமாக, ஒடுக்கமாக, சில பெஞ்சுகளோடு. ஒரு கம்பெனி, தனக்கு எந்த லாபமும் இல்லாமல், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக இடம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குப்பை போடாமல், சத்தம் போடாமல் இருந்துவிட்டு வாருங்கள்.

கார்டு விஷயத்தில் இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தொழிற்சாலைக்குள் போகவில்லையே, அப்படியே திரும்பிவிடலாமே என்று நினைப்பார்கள். அப்படியில்லை. இங்கே வந்ததோடு ஒரு பயணம் முடிந்தது. பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள இயந்திரத்தில் முதலில் 'இரண்டு மலை' பக்கம் கார்டை வையுங்கள். திரும்பி ஏறும்போது 'இரண்டு கால்' பக்கம் வையுங்கள். பூங்காவுக்கே போகாமல் அதே வண்டியில் திரும்பினாலும் இதைச் செய்ய வேண்டும். வண்டி இங்கே நிற்கும் சில நிமிடத்தில் தாராளமாக முடித்துவிடலாம்.

முடிந்தால் வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள். நேர் எதிரே சுருமி சுபாசா பாலம் தெரியும். 1994-இல் திறந்தது, இரண்டு கோபுரத்துக்கு நடுவே மட்டும் 510 மீட்டர். 'சுபாசா' என்றால் சிறகு. கோபுரத்திலிருந்து விரியும் கம்பிகளில் விளக்கு ஏறும் நேரம், கால்வாயில் ஒரு படகு போனால் அந்த வெளிச்சம் உடைந்து, மெல்லத் திரும்பச் சேரும். வேலியில் கை வைத்துக் கீழே பார்த்தால் கான்கிரீட்டில் ஒட்டிய சிப்பிகளும், கோடைக்காலத்தில் வெள்ளையாக மிதக்கும் ஜெல்லி மீன்களும் தெரியும். குளிர்காலத்தில் காற்று கடுமையாக வீசும், காதை மூடும் தொப்பி எடுத்து வாருங்கள்.

ஹமா-கவாசாக்கி: கார்டை வைக்கக் கூடாத இடம்

இதுவரை வையுங்கள், வையுங்கள் என்றே சொல்லிவந்தேன். ஓரிடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. ஹமா-கவாசாக்கியில் சுருமி லைனுக்கு ஒரு கட்டடம், நாம்பு லைன் கிளைக்கு ஒரு கட்டடம், நடுவே ஒரு தெரு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வந்து தெருவைக் கடந்து போக வேண்டும். ஆனால் கணக்கில் அது ஒரே பயணம். அதனால் மாறுபவர்கள் இரண்டு கட்டடத்திலும் கார்டை வைக்காமல் கடந்து போக வேண்டும். வைத்துவிட்டால் அங்கேயே பயணம் முடிந்து, புதுக் கட்டணம் தொடங்கும். காகித டிக்கெட்டையும் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போகிறவர்கள் மட்டும் வையுங்கள்.

ஓகாவா கிளையிலும் ஒரு புதிர் இருக்கிறது. வரைபடத்தில் அது முசாஷி-ஷிராய்ஷியில் பிரிகிறது, ஆனால் ஓகாவா வண்டி அங்கே நிற்காது. அந்த நடைமேடையின் வளைவு கூர்மையாக இருந்ததால் நீளமான பெட்டிகள் நிற்க முடியாது. அதனால் 1996 வரை ஒற்றைப் பெட்டியாக ஒரு பழைய பழுப்பு நிற வண்டியை ஓட்டினார்கள். அது ஓய்வு பெற்றதும் நடைமேடையையே எடுத்துவிட்டார்கள். ஓகாவாவுக்குப் போகிறவர்கள் ஒரு நிலையம் முன்னால், அன்சென்னில் மாறுங்கள். அன்சென்னில் காத்திருக்கும்போது எண்ணெய் டாங்கர் வண்டிகள் கண்ணில் படலாம். அமெரிக்க விமானப் படைத் தளத்துக்குப் போகும் எரிபொருள் அது.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால்

ஆளில்லா நிலையத்தில் எனக்கு மனம் ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பலகை போட்டு ஏற்றிவிட ஆள் இருக்க மாட்டார். கொக்குதோ போன்ற இடத்தில் படியைத் தவிர வழியே இல்லை. பெரியவர்களை அழைத்துப் போனால் கொக்குதோவை விட்டுவிட்டு உமி-ஷிபாவுராவுக்கு மட்டும் போங்கள். சக்கர நாற்காலி என்றால் கிளம்பும் முன்பே சுருமி நிலைய ஊழியரிடம் எங்கே போகிறோம், எந்த வண்டியில் திரும்புகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும், அதனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்வது இன்னும் நல்லது.

டிக்கெட் இயந்திரத்தின் பக்கம் பேசும் கருவி இருந்தால் பொத்தானை அழுத்தினால் வேறு இடத்தில் இருக்கும் ஊழியர் பேசுவார். தண்டவாளத்தில் பொருள் விழுந்தால் நீங்களே இறங்காதீர்கள். ஆள் விழுந்துவிட்டால் நடைமேடையில் இருக்கும் சிவப்பு அவசரப் பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள், வரும் ரயில் நிற்கும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110. நிலநடுக்கம் பெரிதாக வந்தால் கடலோர வேலியை விட்டு விலகி, ரயில் ஓட்டுநரோ வாசல் காவலரோ சொல்லும் பக்கம் உடனே போங்கள். அது கடலைத் தூர்த்த தரை, சுனாமி எச்சரிக்கைக்குக் காத்துக்கொண்டு நிற்கும் இடமில்லை.

ஒரு நாள் திட்டம் வேண்டுமென்றால் இப்படிப் போங்கள்: மதியம் கொக்குதோவில் இறங்கி, வளைவுகளையும் குண்டுத் தடங்களையும் பார்த்து, மீன் தெரு வரை நடந்து திரும்புங்கள். மாலை நாலு மணிக்கு மேல் உமி-ஷிபாவுரா வண்டியைப் பிடியுங்கள். அந்த நேரத்தில் போகும் வண்டி காலியாக இருக்கும். தொழிற்சாலை விட்டதும் வாசலிலிருந்து ஆட்கள் கூட்டமாக வருவார்கள். சீசன் டிக்கெட்டை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே, கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்காருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நின்று, கடைசியில் உங்கள் கார்டை வைத்துவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வரும்.